கழலையும் கறியுப்பும்

1874ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்து நாட்டுப் பேர்ன் நகரத்து மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். அவளுடைய முன்கழுத்தில் ஒரு கழலை புடைத்திருந்தது. அது மூச்சுக் குழாயை நெருக்கவே, அவள் மூச்சுவிடத் திணறினாள். அவளுக்குத் தங்கை ஒருத்தி உண்டு. இருவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல இருந்தமையால், பார்ப்பவர்கள் ஒருத்தியை மற்றவள் என்று மயங்குவது வழக்கமாம். தியோடர் கோக்கர் என்னும் இளம் அறுவை மருத்துவர் மூத்தவளின் கழலையை அடியோடு அகற்றினார். புண் ஆறிற்று, மூச்சு எளிதாயிற்று, சிறுமி வீடு திரும்பினாள்.

கழுத்தில் கத்தி வைத்தால் நோயாளி பிழைப்பதே அரிது என்றிருந்த காலம் அது. குருதிப் பெருக்கால் மாண்டவர் பலர்; புண் சீழ்ப்பிடித்து மாண்டவரும் பலர். கோக்கரோ அவசரமின்றி, ஒவ்வொரு குருதிக் குழாயாகக் கட்டிக் கட்டி, பொற்கொல்லர் வேலை செய்வதுபோல் அறுவை செய்வார். அவர் கைபட்டவர்கள் பிழைத்தார்கள். அவருடைய புகழ் பரவிற்று.

ஆண்டுகள் பல கழிந்தன. சிறுமியை அனுப்பி வைத்த ஊர் மருத்துவர், அவள் முற்றிலும் வேறு பெண்ணாக மாறிவிட்டாள் என்று கோக்கரிடம் கூறியிருந்தார். 1882ஆம் ஆண்டில் செனீவா நகரத்து அறுவை மருத்துவராகிய ரெவெர்தான் என்பவரும், கழலையை முழுதும் இழந்த தம் நோயாளிகள் சிலர் பின்னர்ச் சோர்ந்து, முகம் வீங்கிப் போனதைக் கண்டு வெளியிட்டார். கோக்கர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். அவர்களுள் அந்தச் சகோதரிகளும் வந்தனர். தங்கை வளர்ந்து அழகிய மங்கையாக நின்றாள். அக்காளோ 11 வயதில் இருந்த உயரத்தைவிட மிகுதியாக வளரவில்லை. முகம் ஊதியிருந்தது, தோல் தடித்திருந்தது, சொல்லும் நினைவும் மந்தப்பட்டிருந்தன. இருவரையும் அருகருகே நிறுத்தி எடுத்த நிழற்படம் மருத்துவ வரலாற்றில் இன்றும் இருக்கிறது.

1883ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய அறுவை மருத்துவர் பேரவையில், தம் திறமையால் விளைந்த கேட்டைக் கோக்கர் தாமே எடுத்துரைத்தார். இனித் தைராய்டுச் சுரப்பியை முழுதும் எடுத்தல் தகாது என்று முடிவு செய்தார். 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் தம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகளைச் செய்தவர். ஆயினும், பலர் முன்னிலையில் தம் பிழையை ஒப்புக்கொண்ட அந்த நாளையே நான் அவருடைய பெருமைக்கு உரிய நாளாகக் கருதுவேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதனால் பயன் ஒன்றும் இல்லை.

மாணவர்களே, கோக்கர் அகற்றிய அந்தச் சுரப்பி நம் ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கிறது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயைத் தழுவி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது அது. எடை 20 கிராம் அளவே இருக்கும். அது சுரக்கும் நீர் குழாய் வழியே வெளிப்படாமல் நேரே குருதியில் கலந்து உடலெங்கும் செல்கிறது. இத்தகைய சுரப்பு நீர்களுக்கு 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் ‘ஹார்மோன்’ என்று பெயர் வழங்கினார். கிளர்ந்தெழச் செய்வது என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. தைராய்டின் ஹார்மோன் உடலில் எரியும் அடுப்பைத் தூண்டிவிடும் கோல் போன்றது. அது குறைந்தால் உடல் குளிர்கிறது, நாடி தளர்கிறது, அறிவு மழுங்குகிறது. பெண்டிர்க்கு இவற்றோடு வேறு துன்பங்களும் சேரும். மாதவிடாயின் ஒழுங்கு குலையும், கருத்தரிப்பது தடைப்படும், தரித்த கருவும் நிலைப்பது அரிதாகும்.

பெண்டிரை இந்நோய் மிகுதியாகப் பற்றும் என்பதை மருத்துவ உலகம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. 1873ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நிலையை முதன்முதல் விரிவாக வருணித்தபோது, அவர் எடுத்துக்காட்டிய ஐவரும் பெண்களே. 1891ஆம் ஆண்டில், நியூகாசில் நகரத்து ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியைப் பிழிந்தெடுத்த சாற்றை ஊசிவழி ஏற்றி இந்நோயைத் தீர்த்தார். அவரிடம் முதலில் நலம்பெற்றவரும் 46 வயதுப் பெண்மணி ஒருவரே. அவர் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளுக்கும் தேவையான மருந்துக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று மரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

சுரப்பி இல்லாதவர்க்கு வழி பிறந்தது. ஆனால் சுரப்பி இருந்தும், அது வீங்கிப் பருத்தும், போதிய ஹார்மோனைத் தராத இலட்சக்கணக்கான மக்கள் மலைநாடுகளில் இருந்தார்களே, அவர்கள் கதி என்ன? ஆல்ப்ஸ் மலையிலும், இமயமலைச் சாரலிலும், ஆண்டீஸ் மலையிலும் ஊர் ஊராகக் கழுத்துக் கழலை காணப்பட்டது. சில சிற்றூர்களில் கழலை இல்லாதவரே புதுமையாகத் தோன்றினர். அவ்வூர்களில் காது கேளாமலும், வாய் பேசாமலும், குறுகிய வடிவோடும் பிறந்த பிள்ளைகள் பலர். இதற்கு விடை காண நாம் ஓர் எரிமருந்துச் சாலைக்குள் நுழைய வேண்டும்.

நெப்போலியன் போர்க் காலத்தில் பிரான்சு நாட்டுக்கு வெடிமருந்து செய்ய வெடியுப்பு தேவைப்பட்டது. கூர்துவா என்பவர் கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து அதற்கு வேண்டிய உப்புக்களைப் பிரித்தெடுத்து வந்தார். 1811ஆம் ஆண்டில் ஒரு நாள், கலத்தில் படிந்த கசடு நீங்குவதற்காக ஊற்றிய கந்தக அமிலம் சற்று மிகுந்துவிட்டது. அப்போது அழகிய ஊதா நிற ஆவி எழுந்தது. அது குளிர்ந்த இடத்தில் பட்டுக் கருமையான படிகங்களாகப் படிந்தது. அது அதுவரை எவரும் அறியாத தனிமம். ஊதாப் பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் கே-லூசாக் என்ற வேதியியல் அறிஞர் அதற்கு அயோடின் என்று பெயரிட்டார்.

கடற்பஞ்சைச் சுட்டுக் கரியாக்கிக் கழலைக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பிய வைத்தியர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. சீன வைத்தியர்கள் கடற்பாசியையே கொடுத்தனர். இது ஏன் பலிக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. செனீவா நகரத்து மருத்துவர் குவாந்தே கேட்டார். கடற்பஞ்சின் கரியில் இந்தப் புதிய அயோடின் இருக்குமோ, நோயைத் தீர்ப்பது அதுதானோ என்று எண்ணினார். 1820ஆம் ஆண்டில் அயோடின் கரைசலைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்த்தார். பெருங்கழலைகளும் சில வாரங்களில் சுருங்கின.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடிவதற்கு இன்னும் 100 ஆண்டுகள் ஆயின. காரணம் எளியது, வருந்தத் தக்கதும் கூட. மருந்து பலித்ததும் மக்கள் அளவின்றி அருந்தினர். சிலருக்கு நெஞ்சு படபடத்தது. சிலர் உடல் இளைத்து நலிந்தனர். நல்ல மருந்துக்கு நஞ்சு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1830களின் தொடக்கத்தில், தென் அமெரிக்காவில் சுற்றி வந்த பூசங்கோ என்ற பிரெஞ்சு அறிஞர், அயோடின் கலந்த ஊற்றுகளின் உப்பை உண்ணும் ஊர்களில் கழலை இல்லாமையைக் கண்டு, அந்த உப்பையே எல்லாருக்கும் வழங்கலாம் என்று எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. 1850களில் ஷத்தேன் என்னும் பாரிஸ் நகரத்து அறிஞர் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்து, அயோடின் குறைந்த இடத்திலேயே கழலை மிகுகிறது என்று காட்டினார். பிரெஞ்சு அறிவியல் கழகம் அவர் உழைப்பைப் பாராட்டிவிட்டு, அவர் முடிவை ஏற்க மறுத்தது. பாராட்டிக் கைவிடுவது அறிஞர் அவைகளுக்கு இன்றும் அரிய கலையன்று! 1895ஆம் ஆண்டில்தான், ஜெர்மானியரான பௌமன் தைராய்டுச் சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார். அவராலேயே முதலில் நம்ப முடியவில்லையாம். 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்கரான கெண்டல் அச்சுரப்பியின் ஹார்மோனைத் தூய படிகமாகப் பிரித்தார். தைராக்சின் எனப்படும் அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன.

அயோடின் இன்றேல் ஹார்மோன் இல்லை. ஹார்மோன் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைராய்டை மேலும் மேலும் முடுக்குகிறது. முடுக்கப்பட்ட சுரப்பி, இல்லாத பொருளுக்காக உழைத்து உழைத்துப் பருக்கிறது. கழுத்தில் நாம் காணும் கழலை அதுவே. மலைநாட்டு மண்ணில் அயோடின் குறைந்ததற்குப் பனியாறும் மழையுமே காரணம். அவை ஊழிக்காலமாக மண்ணை அரித்து, அதிலிருந்த அயோடினைக் கடலில் கொண்டு சேர்த்துவிட்டன. அந்த மண்ணில் விளையும் தானியமும், அங்கு மேயும் ஆவின் பாலும் அப்பொருள் குன்றியே இருக்கும். கடல்மீனும் இறாலும் உண்பவர்க்கு இக்குறை நேர்வது அரிது. மனிதர்க்கு வேண்டிய அளவோ மிகச் சிறிது. நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம். 70 ஆண்டு வாழ்பவர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 4 கிராமுக்கும் குறைவே ஆகிறது. பூப்பெய்தும் பருவத்தில் சுரப்பிக்கு வேலை மிகுகிறது. கருவுற்றபோது தேவை 250 மைக்ரோகிராமாக உயர்கிறது; தாய் தனக்கும் கருவுக்குமாக ஹார்மோன் சுரக்க வேண்டும்; அவளுடைய சிறுநீரில் அயோடின் கழிவதும் கூடுகிறது. ஆகவேதான் உணவில் அயோடின் குறைந்த ஊரில் முதலில் வாடுபவர்கள் பெண்களாக இருக்கிறார்கள்.

இதனை எண்ணால் மெய்ப்பித்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சோதனை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேரேரிகளைச் சூழ்ந்த மாநிலங்கள் அக்காலத்தில் ‘கழலை வளையம்’ என்றே பெயர் பெற்றிருந்தன. 1905ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகருக்கு வந்த டேவிட் மரைன் என்ற இளம் மருத்துவர், தெருவில் திரியும் நாய்களுக்குக்கூடக் கழலை இருப்பதைக் கண்டார். விலங்குகளிடம் ஆராய்ந்தபின், பள்ளிச் சிறுமியர்க்கு அயோடின் கொடுத்துப் பார்க்க விரும்பினார். கிளீவ்லாந்துப் பள்ளிகளில் அதற்கு இசைவு கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு நஞ்சு ஊட்டுவதா என்று தடுத்துவிட்டார்கள். அவருடைய மாணவரான கிம்பல் என்பவர் அருகிலுள்ள ஆக்ரன் நகரத்துப் பள்ளிகளில் இடம் தேடிக் கொடுத்தார்.

1917ஆம் ஆண்டு அச்சோதனை தொடங்கிற்று. ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற சிறுமியரின் கழுத்தை ஆராய்ந்து குறித்துக்கொண்டனர். விரும்பியவர்களுக்கு ஆண்டில் இருமுறை, இளவேனிலிலும் கூதிரிலும், பத்துப் பள்ளி நாட்களுக்கு நாள்தோறும் 0.2 கிராம் சோடியம் அயோடைடு நீரில் கரைத்துத் தரப்பட்டது. இன்றைய கணக்கில் அது மிகப் பெரிய அளவு. இன்று எவரும் அவ்வளவு கொடுக்கத் துணியமாட்டார். முடிவைக் கேளுங்கள். தொடக்கத்தில் கழுத்து இயல்பாக இருந்து, அயோடின் பெற்ற 2,190 சிறுமியருள் 5 பேருக்கே பின்னர்ச் சுரப்பி வீங்கிற்று. பெறாத 2,305 பேருள் 495 பேருக்கு வீங்கிற்று. முன்பே வீக்கம் இருந்தவர்களுள், அயோடின் பெற்ற 1,182 பேரில் 773 பேருக்குக் குறைந்தது. பெறாத 1,048 பேரில் 145 பேருக்கு மட்டுமே குறைந்தது. இத்தனை தெளிவான எண்களை மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காண இயலாது.

ஆயினும் பள்ளியில் வரிசையில் நிற்க வைத்து மருந்து கொடுப்பது ஒரு நகருக்கு ஒக்கும். ஒரு நாட்டுக்கு ஒவ்வாது. ஏழையும் செல்வரும், பள்ளி செல்பவளும் செல்லாதவளும் நாள்தோறும் தவறாமல், ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள் எது? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற நம் பழமொழி எல்லா நாட்டுக்கும் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், பயார்ட் என்னும் மலைநாட்டு மருத்துவர், 1918ஆம் ஆண்டில் தாமே மண்வாரி கொண்டு உப்பில் சிறிது பொட்டாசியம் அயோடைடைக் கலந்து, கிரேக்கன் என்ற மலையூரில் சில குடும்பங்களுக்கு வழங்கினார். கோவேறு கழுதையன்றி வேறு ஊர்தி ஏறாத ஊர் அது. சில மாதங்களில் குழந்தைகளின் கழுத்து வீக்கம் வற்றத் தொடங்கிற்று. எவருக்கும் தீங்கு விளையவில்லை. அவர் கலந்த அளவு குவாந்தே கொடுத்த அளவில் மிகமிகச் சிறு பங்கு. நூறாண்டுத் தடைக்கு விடை அந்த அளவில்தான் இருந்தது.

அந்நாட்டின் கிழக்கே, அப்பென்செல் மாநிலத்தில், எக்கன்பெர்கர் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் பேசி, மக்களின் ஒப்பங்களைத் திரட்டினார். 1922ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்மாநில அரசு அயோடின் கலந்த உப்பை விற்க இசைந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் நாட்டுப் பொது உப்பாலையும் அதனைச் செய்யத் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் உப்பு விற்பனை மாநில அரசுகளின் தனியுரிமையாக இருந்தது இவ்வகையில் நல்வாய்ப்பாயிற்று. அந்நாட்டில் 1930க்குப் பின் பிறந்தோருள், அயோடின் குறையால் மூளை வளர்ச்சி குன்றியவர் எவரும் புதிதாகக் கண்டறியப்படவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலக் கடைகளில் 1924ஆம் ஆண்டு மே முதல் நாள் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1900களின் முற்பகுதியில் இமயத்துக்கு அப்பாற்பட்ட கில்கித் பள்ளத்தாக்கில் பணியாற்றிய இராபர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ மருத்துவரைத் தமிழ்நாட்டவர் மறக்கலாகாது. பிற்காலத்தில் குன்னூரில் உணவு ஆராய்ச்சிக்கூடத்தை உருவாக்கி வளர்த்தவர் அவரே. இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய உணவூட்ட நிறுவனத்தின் வேர் அந்தக் குன்னூர்க் கூடத்தில் இருக்கிறது. கில்கித்தில் ஒரே வாய்க்கால் நீரை அடுத்தடுத்து உண்ணும் சிற்றூர்களை அவர் ஆராய்ந்தார். மேலூரைவிடக் கீழூரில் கழலை மிகுந்துகொண்டே போயிற்று. ஆகவே நீரில் சேரும் அழுக்கே கழலைக்குக் காரணம் என்று கருதினார். அந்நீரின் கசடைத் தாமே அருந்தி, தம் கழுத்து வீங்குகிறதா என்று பார்த்தார் என்றால் அவர் துணிவை என்னென்பது! அவர் கண்ட காட்சி உண்மை. கொண்ட முடிவு முழு உண்மையன்று. மாசு கழலையை மிகுவிக்கக் கூடும். அடிப்படைக் குறை அயோடினே என்பது பின்னர் உறுதியாயிற்று. மெக்காரிசனின் பெரும்புகழே, அயோடின் கொள்கை இங்கே வேரூன்றுவதைச் சில காலம் தாமதப்படுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

அவ்வாராய்ச்சியை முடித்து வைத்தவர் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வுலிமிரி இராமலிங்கசாமி. 1956ஆம் ஆண்டில், இமயச் சாரலில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் பகுதியை அவரும் அவர் தோழர்களும் மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். இராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியின் உப்பே மூன்றுக்கும் வழங்கப்பட்டது. ஒன்றில் அவ்வுப்போடு பொட்டாசியம் அயோடைடு கலக்கப்பட்டது. ஒன்றில் பொட்டாசியம் அயோடேட்டு. நடு வட்டாரத்தில் எதுவும் கலக்கப்படவில்லை. ஆறாண்டுக்குப் பின் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தை ஆராய்ந்தபோது, அயோடின் பெற்ற இரு வட்டாரங்களிலும் கழலை ஏறத்தாழப் பாதியாகவும் அதனினும் குறைவாகவும் குறைந்திருந்தது. நடு வட்டாரத்தில் குறையவே இல்லை. அதன்பின் அவ்வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட, அங்கும் கழலை குறைந்தது. அயோடேட்டு நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கி நிற்பதால் இன்று இந்தியாவில் அதுவே கலக்கப்படுகிறது.

அந்த நடு வட்டாரத்தைப் பற்றி ஒரு சொல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் வெறுமையாக இருந்தாலன்றி உலகம் நம்பாது என்பது ஆராய்ச்சி முறை. அம்முறையை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த ஆறாண்டுகளில் அங்கே கருவுற்ற தாய்மாரும் இருந்தார்கள். நாம் இன்று உறுதியாகப் பேசும் எண்களுள் அவர்கள் பங்கு பெரிது.

இக்கணக்கின் பளு எத்தகையது என்பதைப் பப்புவா நியூகினித் தீவின் சோதனை காட்டிற்று. 1966ஆம் ஆண்டில் அங்கு ஜிமி பள்ளத்தாக்கில், ஒரு குடும்பத்துக்கு அயோடின் எண்ணெய் ஊசியும் அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசியுமாக மாற்றி மாற்றிப் போட்டனர். பின்னர்ப் பிறந்த குழந்தைகளை ஃபாரோ, பட்ஃபீல்டு, ஹெட்செல் என்னும் மூவர் 1971ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டனர். உப்புநீர் பெற்ற குடும்பங்களில் பிறந்த 534 குழந்தைகளுள் 26 பேர் மூளை வளர்ச்சி குன்றியவர்கள். அயோடின் பெற்ற குடும்பங்களில் 498 பேருள் 7 பேர். அந்த ஏழு பேரிலும் அறுவரின் தாய்மார் ஊசி போட்ட நாளிலேயே கருவுற்றிருந்தவர்கள். கருவின் முதல் மாதங்களில் குழந்தைக்குத் தன் சுரப்பி இயங்குவதில்லை. தாயின் ஹார்மோனைக் கொண்டே அதன் மூளை உருவாகிறது. ஆகவே கருவுற்றதை அறிந்தபின் நல்லுணவு தேடுவது இவ்வகையில் காலங்கடந்த செயலாகிவிடுகிறது. ஆக்ரன் நகரத்துச் சிறுமியர் வயதிலேயே அது தொடங்கியிருக்க வேண்டும்.

காங்ரா ஆராய்ச்சியின் பயனாக 1962ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் அது இமயச் சாரல் போன்ற பகுதிகளோடு நின்றது. சமவெளிகளிலும் கடலோர மாநிலங்களிலும் இக்குறை காணப்பட்டபின், 1980களில் நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்ற கொள்கை உருவாயிற்று. அயோடின் கலவாத உணவு உப்பின் விற்பனை 1998இல் தடைசெய்யப்பட்டு, 2000இல் தடை நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. எளிய உப்பளத்தார் பிழைப்பு என்னாகும், மக்கள் தம் விருப்பப்படி உண்ணும் உரிமை என்னாகும் என்ற கேள்விகள் அப்போது எழுந்தன. அவை வீண் கேள்விகள் அல்ல. மக்கள் உண்பதைச் சட்டத்தால் வகுக்கும் எந்த அரசும் அவற்றுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டதே.

ஓர் ஐயத்தையும் தீர்த்துவிட வேண்டும். கழுத்தில் தோன்றும் ஒவ்வொரு கழலையும், பெண்களை வருத்தும் ஒவ்வொரு ஹார்மோன் கோளாறும் அயோடின் குறையால் வருவன அல்ல. உடலின் காப்புச் சக்தியே தன் தைராய்டைப் பகைத்துத் தாக்கும் நோயும் உண்டு. அயோடின் உப்பு பரவிய நாடுகளில் இன்று சுரப்பு குன்றுவதற்கு அதுவே பெரும் காரணம். அது ஆடவரைவிடப் பெண்டிர்க்குப் பல மடங்கு மிகுதியாக வருகிறது. அதற்கு உப்பு மருந்தாகாது, மருத்துவரே துணை. அயோடின் நல்லது என்பதால் உப்பைக் கூட்டி உண்பதும் தவறு. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கோசு முதலிய சில காய்களும் மரவள்ளிக் கிழங்கும் தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருள்களை உடையன. 1928ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் கோசு மட்டுமே தின்ற முயல்களுக்குக் கழலை வந்ததிலிருந்து இது தெரிந்தது. அயோடின் போதுமான வீட்டில், கூட்டும் பொரியலுமாக அளவோடு உண்பவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

உப்பு விளைவில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் நிற்பது நம் தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பளங்களில் காய்ந்து வெளுக்கும் உப்பு கடல்நீரின் உப்புத்தானே, அதில் அயோடின் இராதா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். கடல்நீரில் உள்ள அயோடின் உப்பு விளையும்போது அதனோடு தங்குவதில்லை. எஞ்சுவது பயன்படாத அளவு. ஆகவே கடலோரத்து உப்புக்கும் தனியே அயோடேட்டுக் கரைசல் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஆலையில் பத்து இலட்சத்துக்கு 30 பங்கும், கடையில் 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. இடையில் குறைந்து போவது ஈரத்தாலும் வெப்பத்தாலும். திறந்த மரவையில் அடுப்பங்கரையில் வைத்தால் அது இன்னும் குறையும். மூடியுள்ள கலத்தில், ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

வீட்டு உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சிறு சோதனைக் குப்பிகள் உண்டு. சுகாதாரப் பணியாளர் பள்ளிகளுக்கும் அவற்றைக் கொண்டுவருவார்கள். மாணவியர் வீட்டிலிருந்து ஒரு கரண்டி உப்பைத் தாளில் மடித்து எடுத்துச் செல்ல வேண்டும். மாவுச் சத்துக் கலந்த அந்தக் கரைசலை ஒரு துளி விட்டவுடன், அயோடின் உள்ள உப்பு அந்த இடத்தில் ஊதாவாக மாறும். இல்லாதது வெள்ளையாகவே இருக்கும்.